இல்லாத நோயைத் தேடிப் போவானேன்?

வாசகர் கேள்வி: வடக்குவீதி
2024 அக்டோபர் 13, ஞாயிறு, மாலை 6.12

இன்று எங்கள் தெருக் கல்யாண மண்டபத்தில் இலவச மார்பகப் புற்றுநோய் பரிசோதனை முகாம் நடந்தது. என் மாமியாருக்கு 56 வயது. மண்டபம் இரண்டு வீடு தள்ளித்தான். வரமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். "இல்லாத நோயைத் தேடிப் போவானேன்? போனால் ஏதாவது இருக்கிறது என்றுதான் சொல்வார்கள்" என்கிறார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். என் கட்சி இதுதான்: எல்லாவற்றுக்கும் காரணம் படிப்பறிவு இல்லாமை. விழிப்புணர்வு வந்துவிட்டால் பெண்கள் தாமாகவே வருவார்கள். இல்லை என்பவர்கள் சொல்லலாம்.

எக்ஸ்ரே அறை
அக்டோபர் 13, இரவு 9.40

இல்லை என்கிறேன்.

ஓய்வு பெறும்வரை எக்ஸ்ரே எடுப்பதுதான் என் வேலை. அதிலும் பின்பாதி முழுக்க, மார்பகத்தை மட்டும் எக்ஸ்ரே எடுக்கும் மேமோகிராம் இயந்திரத்தோடு. காவிரிக் கரை மாவட்டம் ஒன்று. ஊர்ப் பெயர் வேண்டாம்.

படித்தவர்கள்தான் வருவார்கள் என்றால் என் அறை வாசலில் கல்லூரிப் பேராசிரியைகள் வரிசை கட்டி நின்றிருக்க வேண்டும். நின்றதில்லை. பூக்கட்டி விற்கும் பெண்மணி ஒருவர் பட்டாணி அளவுக் கட்டி கையில் தட்டுப்பட்ட மறு வாரமே வந்தார். கணக்கு ஆசிரியை ஒருவர் ஓர் ஆண்டுக்கு மேல் கட்டியை வைத்துக்கொண்டிருந்துவிட்டு, தோல் சுருங்கி உள்ளிழுத்த பிறகு வந்தார். விழிப்புணர்வு யாருக்கு அதிகம்? ஆசிரியைக்குத்தான். பிப்ரவரி 4 புற்றுநோய் நாளில் பள்ளி மாணவிகளுக்கு உரை நிகழ்த்தியதே அவர்தான்.

உங்கள் மாமியார் சொன்னதில் இரண்டு வாக்கியம் இருக்கிறது. முதலாவதைப் பிடிவாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். "போனால் ஏதாவது இருக்கிறது என்றுதான் சொல்வார்கள்" என்ற இரண்டாவது, அனுபவம். அவர் பார்த்த வரையில் இந்தப் பரிசோதனைக்குப் போனவர்கள் யார்? கட்டி உடைந்து புண்ணான பிறகு போனவர்கள், கை வீங்கிய பிறகு போனவர்கள். அவர்களில் எத்தனை பேர் நல்லபடியாக ஊர் திரும்பினார்கள்? அவர் கணக்கில் ஆஸ்பத்திரிக்குப் போனது காரணம், சாவு அதன் விளைவு. கணக்கு தப்புதான். ஆனால் கண்ணால் கண்டதை வைத்துப் போட்ட கணக்கு அது. அதை ஒரு துண்டுப் பிரசுரம் அழித்துவிடாது.

அக்டோபர் 14, காலை 7.05

"மேமோகிராம் கதிரே புற்றுநோயைக் கொண்டுவரும்" என்று எழுதியிருப்பவருக்கு: ஒரு மேமோகிராமில் உடம்பு வாங்கும் கதிர்வீச்சு சுமார் 0.4 மில்லிசீவர்ட். மண்ணும் வானமும் நமக்குச் சும்மா தரும் கதிர்வீச்சு ஏழு வாரத்தில் அந்த அளவை எட்டிவிடும்.

"அப்படியானால் நீங்கள் மட்டும் ஏன் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஓடி ஒளிகிறீர்கள்?" என்று என்னையே கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. நீங்கள் ஒரு தடவை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறீர்கள், நான் நாள் முழுக்க எடுக்கிறேன் என்பது பதில். பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

அக்டோபர் 16, இரவு 11.20

இது கொஞ்சம் நீளும். என் தொழிலோடு சம்பந்தப்பட்ட பழைய கதை.

1950-களில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையினர் காசநோயைக் கண்டுபிடிக்க எக்ஸ்ரே வண்டிகளைக் குடியிருப்புகளுக்கே அனுப்பினார்கள். காசு கிடையாது, அலைச்சல் கிடையாது. எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. ஏன் என்று விசாரிக்கக் கிளம்பியவர்கள் காட்ஃப்ரே ஹோக்பாம், இர்வின் ரோசன்ஸ்டாக் போன்ற சமூக உளவியலாளர்கள். ஹோக்பாம் மூன்று நகரங்களில் 1,200-க்கும் மேற்பட்டோரை விசாரித்தார். 'எனக்கும் காசநோய் வரலாம்', 'முன்கூட்டிக் கண்டால் பயன் உண்டு' என்ற இரண்டையும் நம்பியவர்களில் 82 சதவீதம் பேர் தாமாகப் போய் எக்ஸ்ரே எடுத்திருந்தார்கள். இரண்டையும் நம்பாதவர்களில் 21 சதவீதம்.

ஒருவர் பரிசோதனைக்குப் போவதும் போகாததும் அவர் எதை நம்புகிறார் என்பதைப் பொறுத்தது என்று விளக்கும் 'சுகாதார நம்பிக்கை மாதிரி' இன்று பாடமாக இருக்கிறது. அது இதிலிருந்துதான் கிளைத்தது. 1984-ல் விக்டோரியா சாம்பியன் என்ற செவிலியப் பேராசிரியை அதை மார்பகப் பரிசோதனைக்குப் பொருத்திக் கேள்விப் பட்டியல் செய்தார். எனக்கு வருமா, வந்தால் எவ்வளவு மோசம், போவதால் லாபமா, போவதற்கு என்ன இடைஞ்சல், என்னால் முடியுமா, யார் உசுப்பிவிட்டார்கள். பின்னாளில் சேர்ந்தவற்றையும் கூட்டினால், அந்த மாதிரி கேட்கும் கேள்விகள் சுருக்கமாக இவ்வளவுதான்.

ஹோக்பாம் விசாரித்தவர்களிடம் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. எனக்கு வரலாம் என்று நினைப்பது மட்டும் போதவில்லை. அறிகுறி ஒன்றும் இல்லாமலே நோய் உள்ளே இருக்கலாம் என்றும் நம்ப வேண்டியிருந்தது. நம் ஊரில் தடுக்குவது இந்த இடத்தில்தான். "வலிக்கவில்லையே அம்மா" என்பதை நான் கேட்காத நாள் இல்லை. வலித்தால்தான் நோய், வலிக்காதது உடம்பின் வாகு. பால் கட்டி மிச்சம், நெறிகட்டியது, உஷ்ணம், கைப்பிள்ளை உதைத்த இடம் என்று வலியில்லாத கட்டிக்குத்தான் எத்தனை சமாதானம். ஆரம்ப நிலை மார்பகக் கட்டி பெரும்பாலும் வலிக்காது. வலித்திருந்தால் பாதிப் பேராவது பிழைத்திருப்பார்கள் என்று எங்கள் அறையில் வெறுத்துப்போய்ச் சொல்லிக்கொள்வதுண்டு.

அந்தச் சுகாதார நம்பிக்கை மாதிரியோடு எனக்கு ஒரு சண்டையும் உண்டு. 'வந்தால் எவ்வளவு மோசம்' என்பதை அது பரிசோதனைக்குத் தள்ளும் விசையாக எண்ணுகிறது. இங்கே மோசம் என்ற எண்ணம் ஏற்கெனவே கூரையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. அதற்கு மேலும் அழுகிய புண்ணின் படத்தைச் சுவரில் ஒட்டினால் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த தெரு வழியாகப் போவார்கள். போனார்கள். அப்படி ஒரு சுவரொட்டியை எங்கள் நடைக்கூடத்திலிருந்து நானே கிழித்திருக்கிறேன். விளக்கம் கேட்டுத் தாள் வந்தது, அது தனிக் கதை.

அக்டோபர் 17, பிற்பகல் 2.15

"அறைக்குள் என்னதான் நடக்கும்?" என்று கேட்டவருக்கு, மருத்துவப் புத்தகத்தில் இல்லாத பதில்.

முதல் வேலை, தாலிச் சரட்டில் கோத்திருக்கும் ஊக்குகளை அகற்றுவது. இரண்டு ஊக்கு இருந்தால் குறைவு. சரட்டைக் கழற்று என்று நான் யாரையும் கேட்டதில்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் ஒருத்தி கேட்டாள்; வந்த அம்மாள் படி இறங்கிவிட்டார். முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு ஒரு பிளாஸ்திரி போட்டால் முடிந்தது. படத்தில் விழாது. அதன் பிறகு ரவிக்கைக்குள்ளிருந்து பணம், பஸ் டிக்கெட், ரேஷன் கடை ரசீது, செல்பேசி. செல்பேசியை அங்கே வைத்தால் கட்டி வரும் என்றும் ஒரு பேச்சு இருக்கிறது; அதற்கு ஆதாரம் கிடையாது. வேர்வையில் செல்பேசிதான் கெடும்.

பிறகு பக்கத்துக்கு இரண்டு வீதம் நான்கு படம். தட்டு அழுத்தும், சிலருக்கு நன்றாகவே வலிக்கும், சில விநாடிகளில் விட்டுவிடும். வலிக்காது என்று பொய் சொல்லி உள்ளே அழைத்தால் இரண்டு ஆண்டு கழித்து அவரும் வரமாட்டார், அவர் தங்கையும் வரமாட்டார். மாதவிலக்கு நிற்காதவர்கள், முடிந்த அடுத்த வாரத்தில் வந்தால் வலி குறையும்.

அக்டோபர் 20, மாலை 5.30

13-ம் தேதிக் குறிப்பில் 'கண்ணால் கண்ட கணக்கு' என்று எழுதினேன். ஒரு வாரமாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். பாதிதான் சொல்லியிருக்கிறேன்.

என் பெரியம்மாவுக்கு ஒரு பக்கம் எடுத்துவிட்டார்கள். நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே நடந்தது. வீட்டில் எங்களுக்குச் சொன்னது கர்ப்பப்பை ஆபரேஷன். நான் மேமோகிராம் பக்கம் மாறிய பிறகு ஒருநாள், மறுபக்கத்தைப் பரிசோதிக்க என் அறைக்கே வந்து நின்றார். அதற்கு முன் வேறு ஊரில் பார்த்துக்கொண்டிருந்தாராம். முட்டி வலியில் அவ்வளவு தூரம் முடியவில்லை. உள்ளே வந்ததும் கதவைத் தாழிட்டார். "உன் அம்மாவுக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் உன் கடைசிப் பெரியப்பா வீடு வரை போய்விடும்." பக்கத்து வீட்டில் பல் டாக்டரிடம் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தார். அதற்காகவே கன்னத்தில் பஞ்சு அடக்கிக்கொண்டு திரும்பிப் போனார். எங்கள் குடும்பத்தில் நடிகை யாரும் இல்லை என்று யார் சொன்னது.

அவர் ரவிக்கைக்குள் வைத்திருந்தது கடுகு நிரப்பித் தானே தைத்த ஒரு துணிப்பை. எடை சரியாக இருக்க வேண்டும், நடக்கும்போது ஒரு பக்கம் சாயக்கூடாது என்று பலதரம் பிரித்துத் தைத்திருக்கிறார். ஆபரேஷன் முடிந்து பல காலம் ஆகியும் பேரன் பேத்தி எடுத்து, வடாம் பிழிந்து, எல்லாரையும் அதட்டிக்கொண்டு நடமாடினார்.

அதே தெருவில் அதே நோயில் இறந்தவர்கள் மூவர். மூன்று பேர் விஷயமும் ஊருக்கே தெரியும். படுத்த படுக்கை, முடி கொட்டியது, விற்ற வயல், சகலமும். பிழைத்த ஒருவர் விஷயம் யாருக்கும் தெரியாது. இப்போது உங்கள் மாமியாரை அந்தத் தெருவில் உட்காரவைத்துப் பாருங்கள். அவர் காண்பது மூன்றுக்கு மூன்று சாவு. வேறு என்ன முடிவுக்கு வருவார்?

இறந்தவர்கள் கண்ணில் படுகிறார்கள், பிழைத்தவர்கள் ஒளிந்துகொள்கிறார்கள். 'போனால் பயன் இல்லை' என்ற நம்பிக்கை இப்படித்தான் விளைகிறது என்று இப்போது எனக்குப் படுகிறது.

அக்டோபர் 21, காலை 6.50

"அப்படியானால் பிழைத்தவர்கள் வெளியே வந்து பேச வேண்டும்" என்று நால்வர் எழுதிவிட்டீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை.

பெரியம்மாவுக்கு அப்போது கல்யாணத்துக்கு நின்றவர்கள் இரண்டு மகள்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் வீட்டில் பெரிய வியாதி உண்டா என்று விசாரிப்பார்கள். மறைத்தது பயத்தால் இல்லை, கணக்கறிந்து. மார்பகப் புற்றில் பரம்பரையாக வரும் மரபணுக் கோளாறால் வருவது நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரைதான். அதைத் தரகரிடம் யார் போய் விளக்குவது? மகள்கள் இருவருக்கும் கல்யாணமாகி, பேத்திக்கும் பேசி முடித்த பிறகு, கோயில் பிராகாரத்தில் தன் வயதுக்காரி ஒருத்தியிடம் மட்டும் சொன்னாராம். அந்த அம்மாள் அடுத்த மாதம் என் அறைக்கு வந்தார். மேடையும் ஒலிபெருக்கியும் வேண்டியிருக்கவில்லை.

அக்டோபர் 27, இரவு 10.00

தீபாவளிப் பலகார வேலைக்கு நடுவே கொஞ்சம் எண்கள்.

தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று, 2019-21. மார்பகப் புற்றுநோய்க்காக வாழ்நாளில் ஒருமுறையாவது பரிசோதித்துக்கொண்ட 30 முதல் 49 வயதுப் பெண்கள் இந்தியாவில் 0.9 சதவீதம். தமிழ்நாட்டில் 5.6. ஆறு மடங்கு என்று மார்தட்டலாம். நூறில் தொண்ணூற்று நான்கு பேர் வரவில்லை என்று தலையில் கைவைத்தும் உட்காரலாம். அதே ஆய்வில் தமிழ்நாட்டில் கருப்பை வாய்ப் பரிசோதனை 9.8. எட்ட முடியாத இடம் என்று எல்லாரும் நினைக்கும் பரிசோதனைக்கு அதிகம் பேர் போயிருக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர் அதை வழக்கமாகக் கேட்கத் தொடங்கியதுதான் காரணம் என்பது என் ஊகம். வெட்கம் ஒரு தடைதான், ஆனால் கேட்கிற ஆள் இருந்தால் தாண்டிவிடுகிறார்கள்.

வசதி இருந்தால் போதும் என்பவர்கள் சிங்கப்பூரைப் பாருங்கள். 2002 முதல் தேசியத் திட்டம் இருக்கிறது. 40 முதல் 49 வரை ஆண்டுக்கொருமுறை, 50 முதல் 69 வரை இரண்டாண்டுக்கொருமுறை எடுக்கச் சொல்கிறார்கள். மானியம் உண்டு, வீட்டுக்குக் கடிதம் வரும், எம்ஆர்டி ரயிலில் ஏறினால் போய்விடலாம். அப்படியும் முறையாக எடுப்பவர்கள் பாதிக்கும் கீழேதான். என் நாத்தனார் அங்கேதான் இருக்கிறாள். கடிதத்தைக் குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தாள். பத்திரமாக இருந்தது.

நவம்பர் 3, மாலை 4.10

"பரிசோதனையே ஒரு வியாபாரம்" என்ற நீண்ட பதிவைப் படித்தேன். கோபம் வந்தது. பிறகு அதில் கொஞ்சம் உண்மை இருப்பதால்தான் கோபம் என்று புரிந்தது.

தன் கையால் தானே சோதிக்கும் முறையை ஷாங்காய் நெசவாலைப் பெண்கள் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டு சோதித்தார்கள். 2002-ல் முடிவு வந்தது. பயிற்சி பெற்றவர்களிடம் சாவு குறையவில்லை. தீங்கில்லாத கட்டிகளுக்கு ஊசியும் கத்தியும்தான் கூடின. பிரிட்டனில் 2012-ல் மைக்கேல் மார்மட் தலைமையிலான குழு மேமோகிராம் கணக்கை அலசியது. 10,000 பெண்களை 50 வயதிலிருந்து இருபது ஆண்டுகளுக்கு அழைத்தால் 43 சாவுகள் தவிர்க்கப்படும். கூடவே 129 பேருக்கு, வாழ்நாளில் தொல்லை தந்திருக்காத புற்று கண்டுபிடிக்கப்பட்டுச் சிகிச்சை நடக்கும் என்றது. ஆக, 'போனால் ஏதாவது சொல்வார்கள்' என்று உங்கள் மாமியார் சொன்னதை லண்டனில் ஒரு குழு எண்ணோடு சொல்லியிருக்கிறது.

ஆனால் நம் ஊர் நிலைமை பிரிட்டன் நிலைமை அன்று. மும்பையில் டாடா நினைவு மருத்துவமனையினர் 1998-ல் தொடங்கிக் குடிசைப் பகுதிப் பெண்கள் 1,51,538 பேரை இருபது ஆண்டு தொடர்ந்தார்கள். மேமோகிராம் இல்லை. மருத்துவரும் இல்லை. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர் பெண்கள் இரண்டாண்டுக்கொருமுறை கையால் தொட்டுச் சோதித்தார்கள். 2021-ல் வெளியான முடிவு: முற்றிய மூன்றாம், நான்காம் நிலையில் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் சோதிக்கப்படாத பிரிவில் 47 சதவீதம், சோதிக்கப்பட்ட பிரிவில் 37. ஐம்பதைத் தாண்டியவர்களிடம் மார்பகப் புற்றுச் சாவு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. ஐம்பதுக்குக் கீழே அப்படிக் குறையவில்லை. மொத்தமாகச் சேர்த்துப் பார்த்தால் 15 சதவீதக் குறைவு, அது புள்ளியியல்படி உறுதியாகவில்லை.

மாமியாருக்கு 56 வயது என்று எழுதியிருந்தீர்கள். பயன் உறுதியாகத் தெரிந்த வயது அதுதான். முப்பது வயதுக்காரிகளுக்கு ஆண்டுதோறும் மேமோகிராம் சேர்த்த 'முழு உடல் பரிசோதனை' விற்பவர்களைப் பற்றி அந்தப் பதிவர் எழுதியதில் எனக்கு மறுப்பில்லை. அந்த வயதில் மார்புத் திசு அடர்த்தியாக இருக்கும். பனிமூட்டத்தில் பஞ்சு தேடுவது மாதிரித்தான் படம் வரும்.

நவம்பர் 9, காலை 8.25

என் முதல் குறிப்பில் வந்த கணக்கு ஆசிரியை பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். ஏன் தாமதித்தார் என்று.

அவருக்கும் நம்பிக்கை இருந்தது, அதுவும் படித்த நம்பிக்கை. "எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை. மூன்று பிள்ளைக்கும் இரண்டு வயது வரை பால் கொடுத்தேன். சைவம். தினமும் நடைப்பயிற்சி." இத்தனையும் மருத்துவர்களே பத்திரிகையில் எழுதியவைதான். தாய்ப்பால் காக்கும் என்பது மெய். முப்பது நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2002-ல் வந்த கணக்குப்படி, பால் கொடுத்த ஒவ்வொரு 12 மாதத்துக்கும் ஆபத்து 4.3 சதவீதம் குறையும். ஆறு ஆண்டு கொடுத்திருந்தாலும் கால்வாசிதான் குறைகிறது. அவர் முழுவதும் குறைந்ததாக எடுத்துக்கொண்டார். கணக்கு ஆசிரியை என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. மார்பகப் புற்று வந்தவர்களில் பெரும்பாலோர் குடும்பத்தில் அதற்கு முன் யாருக்கும் வந்ததில்லை என்பதும் எந்தத் துண்டுப் பிரசுரத்திலும் பெரிய எழுத்தில் இல்லை.

நல்லொழுக்கத்துக்கு நோய் வராது என்ற எண்ணம் இதன் அடியில் ஓடுகிறது. அதன் மறுபக்கம் கொடியது: வந்தவள் ஏதோ செய்திருக்க வேண்டும். சிகிச்சையில் இருந்த ஒருத்தியின் மாமியார் என் அறை வாசலிலேயே சொன்னார், "இவள் பிள்ளைக்குப் பாலைச் சரியாகக் கொடுத்திருந்தால் இது வருமா?" அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பேசினேன். எழுத்தில் வேண்டாம்.

நவம்பர் 9, காலை 8.40

பூக்காரப் பெண்மணி ஏன் உடனே வந்தார் என்று யாரும் கேட்கவில்லையே. அவர் அக்காவுக்கு அதே நோய் வந்து சரியாகியிருந்தது. அக்கா மறைக்கவில்லை. பூக்கூடையை அருகருகே வைத்து விற்பவர்களுக்குள் எதை மறைப்பது.

நவம்பர் 24, இரவு 9.15

கத்தி பட்டால் பரவும், ஊசி குத்தினால் கலைந்துவிடும். இதை எல்லா ஊரிலும், எல்லாச் சாதியிலும், எல்லாப் படிப்பிலும் கேட்டிருக்கிறேன். தேன்கூட்டைக் கலைக்கக்கூடாது என்பார்கள். இதுவும் கண்ணால் கண்ட கணக்கின் தங்கைதான். முற்றிய பிறகு அறுத்தவர்கள் சில மாதத்தில் இறந்தார்கள். பார்த்தவர்களுக்கு அறுத்ததுதான் கண்ணில் நின்றது. ஊசி போட்டுத் திசு எடுக்காமல் எது புற்று, எது தீங்கில்லாத கட்டி என்று பல சமயம் உறுதியாகச் சொல்ல முடியாது. எடுப்பதால் ஊரெல்லாம் பரவுவதும் கிடையாது.

இதோடு இன்னொன்று. நாள் பார்ப்பது. ஆடி போகட்டும், தீபாவளி போகட்டும், ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்கிறார், பொங்கல் கழியட்டும், சின்னவனுக்குப் பரீட்சை, அம்மனுக்குக் காப்புக் கட்டியாயிற்று, ஊர் எல்லை தாண்டக்கூடாது. செவ்வாய்க்கிழமை மூன்று மணி முதல் நாலரை வரை ராகு காலத்தில் என் அறை காலியாகத்தான் இருக்கும். இயந்திரத்தைத் துடைக்க அந்த நேரத்தைத்தான் ஒதுக்கியிருந்தேன். முன்பு இதையெல்லாம் மூடநம்பிக்கைக் கணக்கில் சேர்த்திருப்பேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. மகனுக்குக் காய்ச்சல் என்றால் இதே அம்மாள் ராகு காலத்திலும் ஆட்டோ பிடித்து ஓடுவார். தனக்கு என்று வரும்போதுதான் பஞ்சாங்கம் புரட்டப்படுகிறது. நாள் பார்க்காமல் போகும் அளவுக்குத் தன் உடம்பு முக்கியம் என்று அவருக்கு வீட்டில் யாரும் சொன்னதில்லை. சுகாதார நம்பிக்கை பற்றிய கேள்விப் பட்டியல்களில் இந்தக் கேள்வியை நான் பார்த்ததில்லை.

டிசம்பர் 8, மாலை 6.30

வடக்குவீதி மறுபடி எழுதியிருக்கிறார்: மாமியார் இன்னமும் வரவில்லை, ஆனால் ரத்த அழுத்த மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர் பெண்ணிடம் 'அந்தச் சோதனை' பற்றித் தானாகவே கேட்டாராம். மருமகன் சொல்லி ஏறாதது மாத்திரைக்காரப் பெண் சொன்னால் ஏறுகிறது என்று வருத்தப்படுகிறார்.

வருத்தப்படாதீர்கள். நீங்கள் மருமகன். மாமியார் மார்பைப் பற்றி உங்களிடம் என்ன பேசுவார்? கொஞ்சம் யோசித்துப் பார்த்திருக்கலாம்.

2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியது முக்கியமாகச் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தரத்தான். ஆனால் மாதாமாதம் ஒரே பெண் ஒரே திண்ணையில் வந்து உட்காருகிறாள் என்பதில்தான் பெரிய விஷயம் இருக்கிறது. 2023 நவம்பரில் ஈரோடு, கன்னியாகுமரி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் அரசு புற்றுநோய்ப் பரிசோதனையைத் தொடங்கியபோது வீடு வீடாக அழைப்புச் சீட்டுக் கொடுக்கப் போனதும் இந்தத் தன்னார்வலர்கள்தான். மண்டப முகாமில் ஒலிபெருக்கி, துணிப்பதாகை, ரோஜா நிற பலூன், எம்எல்ஏ வருகை எல்லாம் இருக்கும். தெருவே பார்க்க அதற்குள் நுழைகிறவளை, "உனக்கு ஏதாவது இருக்கிறதா?" என்று மாலையில் நாலு பேர் கேட்பார்கள். இரண்டு வீடு தள்ளி என்பதை நீங்கள் வசதி என்று எழுதினீர்கள். அவருக்கு அதுதான் இடைஞ்சலாக இருந்திருக்கும். பெரியம்மா பஸ் ஏறி வேறு ஊருக்குப் போனவர்.

டிசம்பர் 8, மாலை 6.52

ஆண் மருத்துவர் தொடுவாரா என்று மாமியார் அந்தப் பெண்ணிடம் கேட்டாராம். இதை முதல் நாளே நீங்கள் எழுதியிருந்தால் இந்த இழை இவ்வளவு நீண்டிருக்காது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியரே பார்ப்பார். மேமோகிராம் எடுப்பவரும் பெண்ணா என்று முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளலாம், கேட்பது உரிமை.

2025 ஜனவரி 19, காலை 9.30

பொங்கல் கழிந்தது, மாமியார் வியாழக்கிழமை போகச் சம்மதித்துவிட்டார், ஆனால் மகளும் கூட வந்து சோதித்துக்கொள்ள வேண்டும் என்று நிபந்தனை போடுகிறார் என்ற செய்தி கிடைத்தது. நல்ல நிபந்தனை. உங்கள் மனைவிக்கு 34 வயது, கட்டியோ காம்பில் கசிவோ எதுவும் இல்லை, குடும்பத்திலும் இல்லை என்றால் அவருக்கு மேமோகிராம் தேவையில்லை. செவிலியர் கையால் பார்த்தால் போதும். அரசு வழிகாட்டுதலும் 30 முதல் 65 வரை ஐந்தாண்டுக்கொருமுறை அதைத்தான் சொல்கிறது. மாமியாருக்கு மேமோகிராம் எழுதிக் கொடுத்தால் தயங்காமல் எடுங்கள்.

சந்தேகமாக ஏதாவது தெரிந்து மறுபடி அழைத்தால் அன்றைக்கே அழ ஆரம்பிக்க வேண்டாம். திரும்பக் கூப்பிடப்படுகிறவர்களில் பெரும்பாலோருக்குப் புற்று இருப்பதில்லை. ஆனால் அந்த இரண்டாவது அழைப்புக்குப் போகாமல் இருந்துவிடுகிறவர்கள் நிறைய. முதல் தடவை கூட்டிப்போவதைவிட இரண்டாம் தடவை கூட்டிப்போவதுதான் கஷ்டம். அதற்கு நீங்கள் விடுப்பு எடுத்துக்கொண்டு வாசலில் உட்காருங்கள்.

மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு வரலாமா என்று கேட்டிருக்கிறார். குளித்துவிட்டு வரட்டும். பவுடரும் வாசனைத் திரவியமும் மட்டும் வேண்டாம். அவற்றில் உள்ள துகள் படத்தில் சுண்ணாம்புப் புள்ளி போல விழுந்து, படிப்பவரைக் குழப்பும். புடவையிலேயே வரலாம். பழைய படம் ஏதாவது இருந்தால் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள்.